கைமாறிய செல்போன்கள்

இன்று காலை ரெட்டியார்பாளையத்திலிருந்து நான் வந்த ஷேர் டெம்போவில், எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி கையிலிருந்த செல்போன் அடித்தது.

"ஆன்ட்டி, நான் ஸ்டெல்லா பேசறேன். கவிதா பக்கத்துலதான் படிச்சிட்டு இருக்கா. சொல்லிடறேன்."

கவிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்க போன் எப்படிம்மா உன் கையில?" என்றேன்.

"பரீட்சை முடியற வரைக்கும் மாத்தி வச்சிருக்கோம்க்கா. அடுத்தவ போனை நோண்டத் தோணாதுல்ல? போன தடவ ரெண்டு பேருக்குமே கணக்குல அரியர்."

"வீட்ல திட்டலயா?"

"எங்கம்மா மொதல்ல கத்துனாங்க. இப்ப என் நம்பருக்குப் போட்டு, நான் படிக்கறனான்னு கவிதாவையே விசாரிக்கறாங்க."

அப்போதுதான் கவிதா நிமிர்ந்தாள். "படிக்கலன்னா உள்ளதச் சொல்லிடுவேன்க்கா."

இந்த முறை இரண்டு பேரும் பாஸாகிவிடுவார்கள், பாருங்கள்.

நான் பிரவுசிங் சென்டருக்கு வந்தது வங்கித் தேர்வின் பழைய வினாத்தாள்களை எடுக்க. அதை விட்டுவிட்டு இந்த வலைப்பதிவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தேர்வு முடியும்வரை என் வலைப்பூவின் பாஸ்வேர்டை வாங்கிவைத்துக்கொண்டு, உங்களுடையதை என்னிடம் தர யாராவது தயாரா?

ஒரே நிபந்தனை: என் அம்மா கேட்டால் உள்ளதைச் சொல்லக் கூடாது.