கடனா ஆற்றங்கரையில் கண் திறந்த பறவை

1911 நவம்பரில் நான் ஆழ்வார்குறிச்சிக்குப் போய்வந்ததைக் கேள்விப்பட்டு, தங்கள் வேதக்கோயிலுக்கும் மர வேலை செய்யக் கொடுக்க நினைக்கும் சபையார் சிலர் வழி கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. ஆகவே போன வழி, கொடுத்த கூலி, நடந்த சங்கதி எல்லாவற்றையும் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். நடந்த சங்கதியில் என் மானம் கொஞ்சம் போகும். போனால் போகட்டும்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஐந்து மைல். நான் அங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். இருபது வருஷமாக ஞாயிறுதோறும் கோயிலில் வேதபாடம் வாசிப்பவனும் நான்தான். புதிதாகக் கட்டிய கோயிலில், வேதபுஸ்தகத்தை விரித்த சிறகில் தாங்கி நிற்கும் கழுகு ஒன்று வைக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. இங்கிலீஷ்காரர் கோயில்களில் அப்படி உண்டு. சென்னையில் பித்தளையில் வாங்கலாம் என்றார்கள். ஆழ்வார்குறிச்சியில் நம்பி ஆசாரி என்பவர் சாமி வாகனங்கள் செய்கிறார், அவரிடம் தேக்கில் செய்துகொள்ளலாம் என்று குறுக்கே பேசியவன் நான்.

கமிட்டியில் மூத்தவரை நாங்கள் மூப்பர் என்றே அழைப்போம். அவருக்கு இது பிடிக்கவில்லை. "சாமி வாகனம் செய்யுதவன்ட்ட குடுத்தா பூஜை போட்டுல்லா அனுப்புவான்? அது நம்ம கோயில் வாசப்படி ஏறப்படாது வே" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூஜை என்று ஏதாவது நடந்தால் நான் இனி வேதம் வாசிப்பதையே விட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வாரம் முழுவதும் வாய்ப்பாடும் அதட்டலும் தவிர வேறெதுவும் என் வாயில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் எனக்கு மிச்சம். அதைப் பணயம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆடி மாதம் ஒருமுறை போய், கழுகுப் படம் ஒன்றை ஆசாரியிடம் கொடுத்து வந்திருந்தேன். வேலை முடிந்தது என்று கார்த்திகையில் கார்டு வந்தது. இனி வழியைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி ரயிலடிக்கு ஜட்கா மூன்றணா. நான்கு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். காலை ஏழு மணி வண்டியில் அம்பாசமுத்திரத்துக்கு மூன்றாம் வகுப்பு ஐந்தணா. இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சேரன்மகாதேவிக்கு அப்புறம் மலை கூடவே வரும். எட்டே முக்காலுக்கு இறங்கினேன். ரயிலடி வாசலில் மாட்டு வண்டிகள் நிற்கும். மைதீன் என்பவர் வண்டியைப் பேசினேன். ஆறு மைலுக்கு எட்டணா, திரும்பும்போது சுமை இருந்தால் பத்தணா.

ஆசாரியின் பட்டறை ஊர்க் கோடியில், கடனா ஆற்றுக்கு அரை மைல் முன்னால் இருக்கிறது. நம்பி ஆசாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கை ஓயாத வேலை. நான் போனபோது இரண்டு ஊர்களுக்கான குதிரை வாகனங்களும் ஒரு ரிஷபமும் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே என் பறவை.

படத்திலிருந்த சீமைக் கழுகு அது இல்லை. கடனா ஆற்றில் மீன் பிடிக்க வரும் விரால் அடிப்பான். "படத்துல உள்ள பறவைய நான் கண்டதில்ல வாத்தியாரய்யா. காணாததைச் செஞ்சா அது கோழி மாதிரில்லா போயிரும். அதான் ஒரு மாசம் ஆத்துல போய்க் கிடந்தேன்" என்றார் ஆசாரி. தண்ணீரிலிருந்து அப்போதுதான் எழும்பியதுபோல் நெஞ்சு இறகுகள் ஒட்டிக் கிடந்தன. கால் நகம் ஒவ்வொன்றும் தூண்டில்முள்.

தாங்கும் தண்டைச் சும்மா விட மனமில்லாமல் அதிலும் வேலை செய்திருந்தார். எறும்பு வரிசை ஏறியது. ஒரு பொன்வண்டு, ஒரு வெட்டுக்கிளி, ஒரு தட்டான், உச்சியில் முன்னங்கால் கூப்பிய கும்பிடுபூச்சி. செத்த பூச்சிகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, பார்த்துப் பார்த்துச் செதுக்கினாராம். வெட்டுக்கிளியின் பின்னங்கால் ரம்பப் பல்லை விரலால் தடவிப் பார்த்தேன். இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பூச்சிக்கு ஆறு கால் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பூச்சியையாவது இப்படி உற்றுப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். பறவைக்குக் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று மேடாக இருந்தது. வெட்டுக்கிளிக்கும் இல்லை. தட்டானுக்குத் தலையே கண்தானே, அது தலையில்லாதது போலத் தெரிந்தது.

"வேலை முடிஞ்சுதுன்னு எழுதினீரே?"

"முடிஞ்சுது. கண்ணு மட்டும் நீங்க வந்தப்புறம். செய்யச் சொன்னவங்க நிக்கணும். பசுவும் கன்னும் கொண்டாந்து நிறுத்தணும், கண்ணாடி காட்டணும், தேங்கா உடைச்சுச் சூடம் ஏத்தணும். பொறவுதான் கண்ணுல உளி வைப்பேன்."

இது சாமி இல்லை, புஸ்தகம் வைக்கிற பலகை என்றேன். "பலகைக்குக் கண்ணு எதுக்கு? அப்படியே ஏத்திட்டுப் போங்க" என்றார். எறும்புக்குமா பூஜை என்று கேட்டேன். எறும்புக்கும்தான் என்றார். வண்டிக்கார மைதீன் வாசலில் நின்றபடி, "கண்ணு இல்லாட்டி எனக்கு ரொம்ப நல்லது அண்ணாச்சி. கண்ணு வச்ச உருவம் எங்க மார்க்கத்துல ஆகாது, பாவமில்லாம வண்டில ஏத்துவேன்" என்று தன் பங்குக்குச் சொன்னார். மூன்று பேரும் மூன்று திசை.

குருட்டுப் பறவையைக் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும். பூஜை போட்டுக் கொண்டுபோனால் வாசிப்பு போய்விடும். மத்தியானம் வரை கத்தினேன். ஆசாரியும் கத்தினார். கடைசியில் அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. இதுக்க மொதப் பார்வை எங்கன விழும்னு யாருக்குத் தெரியும்? வீட்டுக்குள்ள எட்டு மாசக் கைப்பிள்ள கிடக்கு."

அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. "அப்போ பார்வை எங்க விழுதுங்கிறதுதான் உம்ம கவலையா?" என்றேன். ஆமாம் என்றார். "தேங்காயும் வேண்டாம், சூடமும் வேண்டாம். ஆத்துல விழட்டும்" என்றேன். ஆசாரி ஆற்றுத் திசையைப் பார்த்தார். "ஆறு தாங்கும்" என்று எழுந்தார்.

மூன்று மணிக்கு வண்டியில் ஆற்றுக்குப் போனோம். கண் இல்லாததால் மைதீன் மறுப்பேதும் சொல்லவில்லை. மழைக்காலமானதால் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கரைப் பாறையில் பறவையை ஆற்றைப் பார்க்க நிறுத்தினார் ஆசாரி. மைதீன் மாட்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் வேலையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று முழங்கால் தண்ணீரில் இறங்கி, பறவைக்கு நேர் எதிரே நின்றேன்.

ஆசாரி உளியை வலது கண்ணில் வைத்தார். "முன்னால நிக்காதீங்க. பைய பறவைக்க இடப்பக்கமா விலகுங்க" என்றார்.

விலகினேன்.

யோசித்து விலகவில்லை. கால் தானாக நகர்ந்தது. பயமாக இருந்தது என்பதே உண்மை. நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நாலே தட்டு. வலது கண் வந்தது, பிறகு இடது. பிறகு தண்டைத் திருப்பித் திருப்பி, பூச்சிகளையும் எறும்புகளையும் ஒவ்வொன்றாக ஆற்றைப் பார்க்கவைத்துத் திறந்தார். முடிக்க ஐந்து மணி ஆயிற்று. அப்புறம் முன்னால் போய்ப் பார்த்தேன். பறவை என்னைத் தாண்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மைதீனுக்காகப் பறவையின் தலையில் சாக்குப் போட்டுக் கட்டினோம். அம்பாசமுத்திரம் சத்திரத்தில் தங்கி, மறுநாள் வைக்கோல் சுற்றி ரயிலில் ஏற்றினேன். சுமைக் கூலி ஒரு ரூபாய் இரண்டணா. போகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். கார்டு வந்தாலும் வேலை முடிந்ததா என்று கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதுங்கள். பட்டறையில் வாய்ச்சண்டை வேண்டாம், அந்த மனிதர் சொல்வதை முதலிலேயே கடைசிவரை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாயிருக்கும்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. மூப்பர் பறவையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வாத்தியாரே, அங்கன ஒண்ணும் நடக்கலயே?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். வாசிப்பை நினைத்துக்கொண்டேன். ஆனால் பொய் சொன்ன வாயால் எதை வாசிப்பது? "தேங்கா உடைக்கல, சூடம் ஏத்தல. கண்ணு திறக்கும்போது முன்னால நிக்காதேன்னான். விலகி நின்னேன்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "விலகுததுக்குப் பேரு பூஜையா வே? மாடு முட்ட வந்தாலும்தான் விலகுதோம். நாளைக்கு நீரே வாசியும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சிறகின்மேல் வேதத்தை விரித்தேன். வாசிப்பவனுக்குப் பறவையின் முதுகுதான் தெரியும். கண்கள் சபையைப் பார்க்கும். ஒரு வசனம் முடித்து நிமிர்ந்தேன். முதல் பெஞ்சின் நடுவில், பறவைக்கு நேர் எதிரே, மூப்பர் எப்போதும் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவர் பறவையின் இடப்பக்கமாக, பெஞ்சின் ஓரத்தில் தூணை ஒட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றில் நான் விலகியதும் அந்தப் பக்கம்தான்.