மன்னார்க்காரரும் எங்கள் ஆறு கோழிகளும்

ஆறு கோழிகளையும் வாங்கியது என் மனைவிதான். 2003ஆம் ஆண்டு இளவேனிலில், கூண்டுகள் அடுக்கிய ஒரு லொறி எங்கள் கிராமத்துத் தேவாலயத்துக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தபோது பின்வளவில் ஆறு பழுப்புக் கோழிகள் நின்றன. அவள் அவற்றுக்கு முன்னால் குந்தியிருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

ஜெர்மனியில், வால்டோர்ஃபுக்கும் கார்ல்ஸ்ரூஹேக்கும் இடையில் இருந்தது அந்தக் கிராமம். அங்கே மண்வெட்டியால் எங்கே கொத்தினாலும் மணல்தான் வரும். மாடியில் வீட்டுக்கார ஜெர்மன் அம்மா, கீழே நாங்கள் இரண்டு பேர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாவின் காலமான கணவர் கட்டிய கோழிக்கூடு ஒன்று பின்வளவில் சும்மா கிடந்தது. கனத்த பலகைச் சுவர், கறுப்புத் தார்த்தாள் கூரை, உள்ளங்கை அகலத்தில் ஒரு யன்னல். பனிக்காலத்தை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய கூடு.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. என் மனைவி பேச்சுக் குறைந்தவள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வருவாள், சமைப்பாள், நான் கேட்டதற்குப் பதில் சொல்வாள். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

யூன் மாதத்திலேயே வெயில் தொடங்கிவிட்டது. மழை என்பதே இல்லை. புல் காய்ந்து பறந்தது, மணல் மட்டும் மிஞ்சியது. மத்தியானத்தில் வெறுங்காலோடு பின்வளவுக்குப் போக ஏலாது. ஆறு முட்டை இரண்டாகக் குறைந்தது. ஒரு பின்னேரம் கூட்டுக்குள் ஒரு கோழி செத்துக் கிடந்தது. மனைவி அதைத் துணியில் சுற்றிப் புதைத்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையில், இடைவேளை நேரத்தில், பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் மன்னார்க்காரர். எங்கள் பகுதிக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாற்பது வயது, தனியாள். தலைமயிர் கொட்டி, முன்பல் ஒன்று இல்லாமல், மெலிந்து போயிருப்பார். ஜெர்மனிக்கு வருமுன் எட்டு வருடம் சவுதியில் பவுசர் என்கிற தண்ணீர்த் தாங்கி லொறி ஓட்டியவர்.

"எத்தனை மணிக்குச் செத்தது அண்ணை?" என்று கேட்டார்.

"நாலு மணியிருக்கும்."

"ஓம். அந்த நேரத்திலதான் சாகும். சனிக்கிழமை வந்து பாக்கட்டோ?"

நான்தான் வரச் சொன்னேன். இதை மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை சைக்கிளில் வந்தார். கூட்டுக்குள் தலையை விட்டார், உடனே வெளியே எடுத்தார். "இது கூடில்லை, தங்கச்சி. போறணை. பாண் போட்டால் வேகும்" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். ஊர் பேக்கரியில் பாண் சுடுகிற அந்தப் போறணை அடுப்பை அவள் கண்டு எத்தனை வருடமோ.

அவர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். கூட்டின் வடக்குப் பக்கப் பலகைகளைப் பிடுங்கி, அந்த இடத்தில் கம்பிவலை அடித்தார். ஆணி எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. பிறகு அப்பிள் மரத்தடியில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினார்.

"மணல் மேலதான் சுடும் தங்கச்சி. கையை விட்டுப் பாருங்கோ."

அவள் கையை விட்டாள். "குளிருது அண்ணை!"

"கொஞ்சம் நனைச்சு விடுங்கோ. அதுகளே வந்து படுக்கும்."

அப்படியே வந்து படுத்தன. கோழிகள்கூட அவர் சொன்னதைக் கேட்டன. அதைப் பார்த்தபோதுதான் எனக்குள் முதல்முதலாக ஏதோ சுருக்கென்றது.

தீனியை விடியப்புறமும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வைக்க வேண்டும், வெயில் நேரத்தில் தின்றால் உடம்புச் சூடு ஏறும் என்று சொன்னார். காற்று வருகிற பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடச் சொன்னார். சவுதியில் தொழிலாளர் கொட்டகைக்குப் பின்னால் ஒன்பது கோழிகளை இப்படித்தான் வளர்த்தாராம். சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனம். நிழல் என்றால் கொட்டகையின் நிழலும் பவுசரின் நிழலும்தான்.

"அதில ஒருத்தி கள்ளி" என்றார். "பவுசர் குழாயில சொட்டுற தண்ணிக்காக வண்டிக்குக் கீழயே கிடப்பாள். ஒருநாள் நான் பாக்காமல் வண்டியை எடுத்திட்டன். ஒரு மணித்தியாலம் ஓடி, ஒட்டகப் பட்டியில போய் இறங்கினால், பின் அச்சில குந்திக்கொண்டிருக்கிறாள்."

"பிறகு?" என்று கேட்டாள் என் மனைவி.

"பிறகென்ன, முன் சீற்றில இருத்திக் கூட்டிக்கொண்டு வந்தன். வழியில முட்டையும் போட்டாள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அந்த "பிறகு?"வையும்தான். நான் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பாள், "சரி" என்பாள். பிறகு என்ன நடந்தது என்று என்னிடம் அவள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். மனைவி வெள்ளிக்கிழமையே மீன் வாங்கி வைப்பாள். அவருக்கென்று நான்கு முட்டைகளைக் கடதாசியில் சுற்றி வைப்பாள். இரண்டு பேரும் அப்பிள் மரத்தடியில் இருந்து, எந்தக் கோழி தூவல் உதிர்க்கிறது, எது அடைகாக்கப் பார்க்கிறது என்று கதைப்பார்கள். நான் நடுவில் ஏதாவது சொன்னால் இருவரும் மரியாதையாக நிறுத்திக் கேட்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

தப்பாக எதுவும் நடக்கவில்லை. அவர் தங்கச்சி என்றார், அவள் அண்ணை என்றாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். எனக்குத் தலைமயிர் இருந்தது. பல் எல்லாம் இருந்தது. நிரந்தர விசா இருந்தது. அந்த மனிதரிடம் இருந்தது எட்டு வருட வெயில் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என் வீட்டுப் பின்வளவை எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

யூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன். "இனிச் சனிக்கிழமைகளில வந்து மினக்கெட வேண்டாம். அவவுக்குச் சனிக்கிழமையும் வேலை வந்திட்டுது."

"அப்ப ஞாயிறு வரட்டோ?"

"ஞாயிறும் சரிவராது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி அண்ணை" என்றார்.

வீட்டில் மனைவியிடம், அவருக்குச் சனிக்கிழமைகளில் மேலதிக வேலை கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் வாங்கி வைத்த மீனைப் பொரித்தாள்.

ஓகஸ்ட் வந்தது. அப்படியொரு வெக்கையை நான் ஜெர்மனியில் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து, செட்டையை விரித்து இளைத்தன. "அண்ணையைக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று மனைவி தினமும் சொல்லி அனுப்புவாள். நான் கேட்பேன். அவர் சொல்வதை வீட்டில் வந்து என் யோசனையாகச் சொல்வேன். போத்தலில் தண்ணீரை உறையவைத்துக் குடிதண்ணீருக்குள் போடலாம் என்றேன். குளிர்ந்த வத்தகப்பழத் தோலை மத்தியானத்தில் போடலாம் என்றேன்.

"இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நூலகத்தில ஒரு புத்தகம் பாத்தனான்."

அவள் என்னை ஒரு புது மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அடுத்த நாளும் போய் அவரிடம் கேட்டேன். அவரோ எதையும் ஒளிக்காமல் சொன்னார். ஒருநாள் ஒரு தாளை எடுத்து, செட்டை விரித்த கோழியைப் படமாகக் கீறி, எந்த நிலைமையில் எதைச் செய்ய வேண்டும் என்று கீழே எழுதியும் தந்தார். நான் அதை வாசிக்காமலே மடித்துத் தொழிற்சாலை மேலங்கிப் பைக்குள் வைத்தேன். அவருடைய கையெழுத்து அழகாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, கோழி தலையைத் தொங்கப் போட்டிட்டுதெண்டால் தண்ணிக்குள்ள இறக்கலாம். ஆனால்…"

"அது தெரியும்" என்று எழும்பிவிட்டேன். அவர் சொல்லி நான் கேட்பது அன்றைக்குப் போதும் என்று இருந்தது.

அன்று பின்னேரம் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டது. மனைவி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "விடும், எனக்குத் தெரியும்" என்று வாளியில் தண்ணீர் நிரப்பி, உறைபெட்டியில் இருந்த ஐஸ் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கி, கோழியைக் கழுத்தளவுக்கு இறக்கினேன். அது ஒருமுறை விறைத்து உதறியது. என் மார்பெல்லாம் எச்சமும் தண்ணீரும் தெறித்தது. பிறகு அசையவில்லை.

ஊத்தையான என் மேலங்கியை மனைவி தோய்க்க எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளோடு திரும்பி வந்தாள். சமையலறை மேசையில் அதை விரித்து வைத்தாள். கோழிப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "பச்சைத் தண்ணீர் மட்டும். ஐஸ் தண்ணீரில் இறக்கினால் செத்துவிடும்." அதற்கும் கீழே: "தங்கச்சிக்குச் சனிக்கிழமை வேலை முடிந்தால் சொல்லுங்கோ, வாறன்."

"எனக்கு எப்ப சனிக்கிழமை வேலை?" என்று கேட்டாள்.

நான் தாளை எடுக்கக் கை நீட்டினேன், அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நூலகத்துப் புத்தகம் இதுதானோ?"

அவள் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு, "போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏன் வர வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டதையும் அவருக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

அவர் அடுத்த ஊரில், மூன்றாம் மாடியில் ஒரு அறையில் இருந்தார். நான் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு பயந்துபோனார். "தங்கச்சிக்கு ஏதும்…?"

"இல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்." சனிக்கிழமை வேலை என்று சொன்னது பொய் என்றேன்.

"தெரியும் அண்ணை" என்றார். கட்டில் விளிம்பில் இருந்து தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "நான் என்ன ஆள் எண்டு விசாரிச்சிருப்பியள் எண்டு நினைச்சன். உங்கட வீட்டுக் கோப்பையில சாப்பிட்டனான். அதுதான் மறிச்சிட்டியள் எண்டு. எனக்கு இது புதிசில்லை."

மூன்று கிழமையாக இந்த எண்ணத்தோடு இருந்துகொண்டுதான் அவர் எனக்குக் கோழி கீறித் தந்திருக்கிறார்.

"சாதியுமில்லை, ஒண்டுமில்லை" என்றேன். "பொறாமை. நீர் கதை சொல்ல அவ சிரிக்கிறா. எனக்கு அதைப் பாக்க ஏலாமல் போச்சு."

அவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் விளங்கவில்லை போலப் பார்த்தார். பிறகு முன்பல் இல்லாத அந்த வாயால் மெல்லச் சிரித்தார்.

"என்னிலயோ? என்னைப் பாத்து ஒருத்தரும் பொறாமைப்பட்டதில்லை அண்ணை. என்னட்ட என்ன கிடக்கு?" அவருடைய கண் கலங்கியிருந்தது. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். மிஞ்சிய நான்கு கோழிகளும் அந்தக் கோடையைத் தாண்டின. மனைவி ஒரு கிழமை என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டே, "நீங்கள் ஜெர்மனிக்கு முதன்முதல் வந்த அகதி முகாமில எத்தினை பேர் இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அவரைப்போலச் சொல்ல வரவில்லை. எந்த அறையில் யார், எத்தனை கட்டில் என்று கணக்கெடுப்புப் போலப் போனது. ஆனாலும் அவள் மடித்து முடித்த பிறகும் எழும்பாமல் இருந்தாள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மரத்தடியில் அவர்கள் சிரிக்கும்போது எனக்கு அதே இடத்தில் சுருக்கென்றுதான் இருந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. நான் எழும்பிப் போகாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த வருடம் அவருக்குப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. ரயிலடிவரை அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ரயில் புறப்பட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, அப்படி இருந்ததே வெட்கமாகவும் இருந்தது. மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போன் எடுப்பாள். முடிந்ததும் "அண்ணை உங்களைக் கேக்கிறார்" என்று என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கி, முதலில் அங்கே வெயில் எப்படி என்று கேட்பேன்.