வாய் திறக்காத நீல மீன்

வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த மனிதர் மீன் வைத்தியர் ஆனது ஒரு பிடி உப்பால்தான். வேலைக்குப் போன ஒரு வீட்டில், உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி பூத்த தொட்டிமீனைக் குப்பையில் கொட்டப் போனார்கள். இவர் சமையலறையில் உப்பு கேட்டு வாங்கி, நீரில் கரைத்து, அதைப் பிழைக்க வைத்தார். அன்று ஒட்டிக்கொண்ட ‘உப்பு’ என்ற பட்டப்பெயர் இன்றுவரை கரையவில்லை.

இப்போது மனைவியின் தம்பி நடத்தும் வண்ணமீன் கடையின் பின்னறை அவருடைய ராஜ்ஜியம். ஓடையிலும் ஏரியிலும் பிடித்துவரும் மீன்கள் அவர் கண்ணில் படாமல் முன்கடைக்குப் போக முடியாது.

“காட்டு மீன் தனியாவா வரும்? சொந்தபந்தத்தோடதான் வரும்” என்பார். சொந்தபந்தம் என்றால் செவுளில் ஒட்டும் புழுவும், செதிலுக்கடியில் கொக்கி போட்டிருக்கும் புழுவும். தொட்டிக்கு ஒரு வலை. மாற்றிப் போட்டால் முதலாளி என்றுகூடப் பார்க்காமல் மைத்துனரை வறுத்தெடுத்துவிடுவார்.

அப்படி ஒரு முறை ஓடையிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அந்த இனத்தை அதற்கு முன் கடையில் யாரும் கண்டதில்லை. சாம்பல் நிறப் பெண்மீன் போட்டதையெல்லாம் காலி செய்தது. நீலம் மின்னும் ஆண்மீனோ இரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலையில் ஒதுங்கி நின்றது. தாடைக்கடியில் வீக்கம் வேறு.

மைத்துனர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். “மச்சான், இது நல்லதுக்கில்ல. மத்த தொட்டிக்குப் பரவினா நாம ரெண்டு பேரும் சுண்ணாம்பு அடிக்கத்தான் போகணும். சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க.”

“எடுத்துடுங்கன்னா, எங்க மாப்ள? உங்க வீட்டுக்கா?”

“விளையாடாதீங்க மச்சான்!”

இவர் தொட்டிமுன் குனிந்தார். பெண்மீனாக இருந்திருந்தால் கதையே வேறு. முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் தாய் மீன்களை அவர் எத்தனையோ பார்த்தவர். இது பளபளக்கும் ஆண். ஆகவே நோய்தான், சந்தேகமே இல்லை. மிஞ்சியது புழு மருந்து ஒன்றுதான். பட்டினி கிடக்கும் உடம்பு அதைத் தாங்குமா? தாங்காவிட்டால், இவர் கையாலேயே அது போய்ச் சேரும். தாங்காது என்று சும்மா இருந்தாலோ, சாயங்காலம் காத்திருந்தது.

மருந்தைக் கரைத்து வைத்துவிட்டு, கடைசியாகச் செவுளைப் பார்த்துவிடலாம் என்று மீனைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாடைத் தோல் மெல்லிய காகிதம் போல் ஒளிர்ந்தது. உள்ளே கருப்புக் கருப்பாகப் புள்ளிகள்.

“போச்சு. தொண்டை பூரா புழு!”

மருந்துப் பாத்திரத்தை நோக்கிக் குவளையைச் சாய்த்தார். புள்ளிகள் திரும்பின. ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டாக. புழு எங்கேயாவது ஜோடி ஜோடியாகத் திரும்புமா? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். தகப்பன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு கூட்டமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இங்க வா, சீக்கிரம் வா!”

முன்கடையில் இரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆம்பளையா இது? பிள்ளைங்களுக்காகச் சோறு தண்ணி இல்லாம, வாயையும் மூடிக்கிட்டு! நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, பிள்ளைங்க தூங்கற நேரத்துலதான் தொண்டை திறக்கும்.”

“மெதுவா பேசுடி. அது பயந்தா குஞ்சுகளை முழுங்கிடும்.”

“பயப்படறது அதுவா, நீங்களா?”

மருந்தைச் சாக்கடையில் ஊற்றினார். மீனை நோகாமல் தொட்டியில் விட்டு, மூன்று பக்கமும் காகிதம் ஒட்டினார். சாயங்காலம் வந்த மைத்துனரை வாசலிலேயே மறித்து, செருப்பைக் கழற்றவைத்து, பூனை நடை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“மச்சான், அப்ப நோய்…?”

“நோய் எனக்குத்தான் மாப்ள. அம்மாதான் சுமக்கணும்னு நினைச்ச நோய்.”

சில நாள் கழித்து, நீலமீன் வாயைத் திறந்தது. எள்ளுருண்டை உடைந்து சிதறியதுபோல் குஞ்சுகள் கொட்டின. தகப்பனுக்கு அப்புறம்தான் பசி நினைவுக்கு வந்தது. இரைக்குப் பாய்ந்த வேகத்தில் இவர் முகத்திலேயே தண்ணீர் தெறித்தது. துடைக்காமல் சிரித்தார்.

அந்தத் தொட்டியின்மேல் தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்: “உப்புப் போடாதே.” ‘உப்பே இப்படி எழுதிட்டாரே!’ என்று கடையே திரண்டு வந்து அதைப் படித்துச் சிரித்தது.