கையில் தூக்கிய பூட்ஸ்

பேரன் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசனை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கு ஒன்றில் எனக்கு மூட்டை அடுக்கும் வேலை. அங்கே கொடுத்த பூட்ஸ் என் காலுக்கு ஓர் அளவு பெரிசு. முனையில் கந்தலைத் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடப்பேன். மனசுக்குள் பெரிய துரை என்று நினைப்பு வேறு.

அப்பாவுக்கும் செருப்பு இருந்தது. பருத்திப்பட்டில் ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். நாங்கள் சேரிக்காரர்கள். இதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. முன்னால் போனவர் செய்தார், பின்னால் போன நானும் செய்தேன், பல் துலக்குவது மாதிரி.

கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கியவன் கன்னியப்பன். மண்ணூர்பேட்டைக்காரன், சொந்தமாகப் பயிர் வைத்த குடும்பம். என்னை அவன் மச்சான் என்று கூப்பிடுவான். எங்கள் தெருவுக்கு வெளியே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்காகவே சீக்கிரம் வேலைக்குப் போவேன். நான் யார் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சொல் போய்விடும் என்று பயம்.

ஆடி மாசம் வந்தது. "எங்க ஊட்ல கூழ் ஊத்துறாங்க மச்சான், வந்துடு" என்றான். பூட்ஸுக்கு இரண்டு தரம் பாலிஷ் போட்டேன். அம்பத்தூரில் ரயில் இறங்கிப் பேசிக்கொண்டே நடந்தோம். அவன் தெருமுனையில் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்குக் கழட்டிக்கினு கீற? ஊடு இன்னும் தூரம் கீதே" என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். பூட்ஸ் என் கையில் இருந்தது. கால்கள் தாமாகவே நின்றிருக்கின்றன. என்னைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத ஊரில், நானே தண்டோரா போட்டுவிட்டேன்.

மறுபடி போட்டுக்கொள்ளத் தோன்றாமல், கையில் பிடித்தபடியே அவன் வீடு வரை நடந்தேன். அவன் அம்மா வாசலிலிருந்து என் கையைப் பார்த்தார்.

"எந்த ஊரு நைனா?"

"பருத்திப்பட்டுங்க."

"ஊரா, சேரியா?"

சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அங்கியே குந்து, கொண்ணாறேன்" என்றார். பனையோலைத் தொன்னையில் உயர இருந்து ஊற்றினார். நல்ல கூழ், வெங்காயம் கூட இருந்தது. கன்னியப்பன் மாட்டுக்கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கிடங்கில், "வாப்பா" என்றான். அவ்வளவுதான். பீடி கொடுத்தான், மூட்டைக்குக் கை கொடுத்தான், சிரிக்கக்கூடச் செய்தான். சண்டை போட்டிருந்தாலாவது ஒரு நாள் சமாதானமாகியிருக்கலாம். யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைத்தபோது, "வரேம்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒரு வேலையாக மண்ணூர்பேட்டை போனேன். வயலும் இல்லை, அந்த வீடும் இல்லை, எங்கே பார்த்தாலும் கம்பெனிச் சுவர். கன்னியப்பனைக் கேட்டேன், தெரிந்தவர் இல்லை. தெருமுனை என்று தோன்றிய இடத்தில் என் கால் நின்றது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் கழற்றுகிறாய் மச்சான் என்று கேட்கவும் ஆள் இல்லை.