மணலில் நின்ற குழாய்

போன சனிக்கிழமை காலை, மண்டபத்தூர் கடற்கரையில் பிள்ளைகளுக்கு சம்மர் கேம்ப். சுற்றுச்சூழல் பாடமாம். சுண்டல் அவித்து எடுத்துப்போகிற வேலை எனக்கு.

காரைக்காலிலிருந்து வந்த சார் ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்தார். "மனுஷன் போட்ட எதுவும் இந்த மணல்ல மிச்சம் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுங்க!"

எடுத்தார்கள். பாட்டில், தெர்மாகோல், அறுந்த வலை...

கோவில்பத்து யாழினி மட்டும் ஓரிடத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து வயசு இருக்கும். மணலுக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயில் காதை வைத்திருந்தாள்.

"ஆயா, இங்க வாங்களேன். உள்ள யாரோ மூச்சு விடுறாங்க."

"காத்துடி, லூசு!" என்றாள் கூட இருந்தவள்.

நானும் காதை வைத்தேன். அந்த நேரம் காற்றே இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. ஊ... என்று இழுத்து, ஊ... என்று விட்டது.

அது எங்கள் கொல்லைக் கிணறு! சுனாமிக்கு முன்னால் எங்கள் வீடு அங்கேதான் இருந்தது. உப்பேறிப்போன கிணற்றை மூடியபோது என் வீட்டுக்காரர் நடுவில் ஒரு குழாயை நட்டார். மூடினாலும் கிணறு மூச்சு விட வழி வைக்க வேண்டும் — எங்கள் பக்கத்து வழக்கம். மணல் மூடி மறைந்திருந்ததைக் கடல் அரித்து இப்போது வெளியே காட்டியிருக்கிறது.

எதைப் போட்டு மூடினோம்? கீற்று, உடைந்த கட்டில், பீரோ... மேலே மணல். இத்தனை வருஷத்தில் உள்ளே எல்லாம் மக்கி வெறும் பள்ளமாகியிருக்காதா?

சொல்ல வேண்டும். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது — சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "சார்... அதை எடுக்க வேணாம்..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பிளாஸ்டிக்கா? விடாதீங்க, இழுங்க!" என்றார் சார் தூரத்திலிருந்து.

யாழினியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து இழுத்தார்கள். குழாய் வந்துவிட்டது. ஊ சத்தம் நின்றது.

அப்புறம்... சர்ர்ர். மணல் வட்டமாகக் குழிந்தது. இரண்டு பேர் பின்னால் விழுந்து தப்பினார்கள். யாழினி முழங்கால் வரை போனாள். அடுத்த நொடி இடுப்பு வரை.

"உதைக்காதடி! மல்லாக்கப் படு! படுடி!"

அது என் குரலா? கரையே திரும்பிப் பார்த்தது. சாக்கை முறுக்கி அவளிடம் வீசினேன். பிடித்துக்கொண்டாள். ஓடிவந்த சார் குப்புறப் படுத்து அவளை இழுத்துப் போட்டார்.

குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "தெரிஞ்சா முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

கூச்சமாக இருந்தது என்றா சொல்வது? ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதா என் கூச்சம்? குரல் நயமாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்... நேரத்துக்கு வந்தால் போதாதா? இனி எதையும் கேட்கவோ சொல்லவோ கூச்சப்படுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சுண்டல் கொடுக்கும்போது பார்த்தேன். யாழினியின் வலது கால் வெறுங்காலாக இருந்தது.

"செருப்ப மண்ணு இழுத்துக்கிச்சாடி?"

அவள் என் காதருகே வந்தாள். "இல்ல ஆயா. உள்ள யாரோ பக்கிளைக் கழட்டித்தான் எடுத்தாங்க. மெதுவா."

மண்ணுக்குப் பக்கிள் கழற்றத் தெரியுமா? இதை எந்த சாரிடம் போய்க் கேட்பது... கூச்சமாக இருக்கிறது!