அக்கா சொன்ன பெயர்

அத்தான் இறந்து பல மாதமாகியும் அக்கா அழவில்லை. அவள் தாங்க மாட்டாள் என்று வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இடம் மாறினால் மனம் தேறும் என்று சொல்லி அவளை முக்கொம்புக்கு அழைத்துப் போனேன்.

மதகுகளில் அருவியாய்க் கொட்டிய காவிரியை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மழை வந்ததும், வெள்ளைக்காரர் காலத்துப் பயணியர் பங்களாவின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்துப் பக்கத்தில் இடம் விட்டார்.

"அவரு பேரு என்னம்மா?"

"அதெல்லாம் கேக்காதீங்கம்மா," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. அது பேசட்டும்."

எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. அக்கா, "மாணிக்கம்" என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகு அந்த அம்மாவின் மடியில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தானைப் பற்றி நானே கேட்டேன். உறையூர் வரும்வரை அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்.