நான் மாற்றிச் சொன்னது

மழையில் ஊறிய அந்தச் சாய்வுப் பலகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வலியசாலைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. நான் அங்கே சூப்பர்வைசர். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்த பெண்கள் முதல் மாடிக்கு ஏறுவதற்கு அந்தப் பலகையைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

பாதுகாப்புத் திட்டம் எழுதுவதற்கு முன் வேலை செய்கிறவர்களையும் கேட்க வேண்டும் என்று பொறியாளர் ஒரு காலையில் எல்லோரையும் கூட்டினார். அவர் கண்ணூர் மலையாளி. தென்காசிப் பக்கத்துப் பெண்களின் வேகமான தமிழ் அவருக்குப் பிடிபடாது. ஆரியசாலையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் வளர்ந்த நான் நடுவில் நின்றேன். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் சித்தாள் மட்டும் முன்னால் வந்தார்.

"பலகை வழுக்குது சார். குறுக்கே கட்டை அடிச்சு, ஒரு பக்கம் பிடிமானம் கட்டணும். இல்லைன்னா யாராவது விழுந்திருவோம்."

மறுநாள் கான்கிரீட் போட வேண்டியிருந்தது. அரை நாள் வேலை நின்றால் என்னைத்தான் கேட்பார்கள்; பலகையை நான் ஒழுங்காகப் போடாததும் வெளியே வரும். குடிதண்ணீர் பக்கத்தில் வேண்டுமாம், வேறு குறையில்லை என்று மலையாளத்தில் சொன்னேன். அது அந்தப் பெண்களுக்குப் புரியாது என்றே நினைத்தேன். பொறியாளர் எழுதிக்கொண்டார். அக்கா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சட்டியை எடுக்கப் போனார்.

மறுநாள் தூறலில் அவரேதான் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அன்று சாயங்காலமே கட்டை அடித்து, கைப்பிடியும் கட்டினேன். அடுத்த கூட்டத்தில் பொறியாளர் அதைக் காட்டி, மலையாளத்தில், யாரும் சொல்லாமலே செய்தவன் என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். நான் வாயெடுக்கும் முன்பே அக்கா சொன்னார்.

"நீங்க மாத்திச் சொன்னது அன்னைக்கே தெரியும் சார். எத்தனை வருஷமா இங்க கிடக்கோம். பேச வராட்டியும் மலையாளம் கேட்டா எங்க எல்லாருக்கும் புரியும்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மறுநாள் என்னை வேலைக்கு வச்சிருப்பீங்களா?"

பழத்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. எனக்குக் கிடைத்த பாராட்டையும் அந்தப் பெண்கள் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டே கேட்டு நின்றிருக்கிறார்கள்.

ஊருக்குப் போன அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. இன்று இப்படிப்பட்ட கூட்டங்களை நானே நடத்துகிறேன். வேலையாட்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அந்தப் பொறியாளரைப் பலமுறை பார்த்துப் பேசியிருக்கிறேன். இதை மட்டும் இன்னும் சொன்னதில்லை.